படம் போகவில்லை, வெளிச்சம்தான் போனது

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "டிவியில சத்தம் வருதும்மா, படம் வரல. பார்த்தவர் டிஸ்ப்ளே போச்சுன்னுட்டார். புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்." போன மாதம் நம் வீட்டுக்கு வந்து பார்த்தவரும் இதையே, பத்து நொடியில், திருப்புளியைக்கூட வெளியே எடுக்காமல் சொல்லிவிட்டுப் போனார். அந்த டிவியில்தான் உன் அப்பா இப்போது செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடு.

"டிஸ்ப்ளே போச்சு" என்ற ஒரே பேச்சில் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. உன்னுடையது எல்இடி டிவி. அதில் படத்தைக் காட்டும் கண்ணாடிப் பேனல் தானாக ஒளிர்வதில்லை. அதற்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் எரிகின்றன; அதுதான் பேக்லைட். பேனல் அந்த வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டியும் குறைத்தும் விடுகிறது, அவ்வளவுதான். பேனல் உடைந்தால் டிவியின் கதை ஏறக்குறைய முடிந்தது. அதை மாற்ற ஆகும் செலவுக்குப் புதிதே வாங்கலாம். விளக்கு போனால் அப்படியில்லை. ஆனால் இரண்டிலும் திரை கறுப்பாகத் தெரியலாம்.

எது போனது என்று பார்க்க எதையும் கழற்ற வேண்டாம். ராத்திரி அறையை இருட்டாக்கிவிட்டு டிவியைப் போடு. சத்தம் வந்ததும் ரிமோட்டில் மெனுவை அழுத்து. நல்ல டார்ச் ஒன்றைத் திரைக்கு மிக அருகில், கொஞ்சம் சாய்த்துப் பிடி. ஒரே இடத்தில் அடித்துவிட்டு இல்லை என்று சொல்லாதே, மெதுவாக நகர்த்திப் பார். மெனுவின் எழுத்துகள் நிழல் மாதிரி மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. (ஓலெட் டிவி என்றால் இந்தச் சோதனை செல்லாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பேக்லைட்டே கிடையாது.)

இந்த டார்ச் வேலையை நான் முதலில் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது என்ற மிதப்பில் நேரே பின்மூடியைக் கழற்றி, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளை) இருக்கிறதா என்று தேடினேன். ஒன்று லேசாக உப்பின மாதிரி இருந்தது. அதே கொள்ளளவு (மைக்ரோஃபாரட்), அதே வோல்ட், 105 டிகிரி சூடு தாங்கும் புதியதை வாங்கி, உடம்பில் கோடு போட்ட பக்கம்தான் மைனஸ் என்று இரண்டு முறை சரிபார்த்து, அழகாகச் சால்டர் செய்தேன். போட்டால் அதே கறுப்புத் திரை. ஒரு வாரம் வீண். கொஞ்சம் யோசித்திருந்தாலே புரிந்திருக்கும்: சத்தம் வருகிறது, சானல் மாறுகிறது, ரிமோட்டுக்குப் பதில் சொல்கிறது என்றால் டிவியின் மூளையான மெயின் போர்டும் அதற்கு வேண்டிய மின்சாரமும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். நான் நோயைத் தேடாமல் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தேடியிருக்கிறேன்.

அப்பாதான் டார்ச்சைக் கொண்டுவந்தார். அவர் வந்தது திரையில் தூசி இருக்கிறதா என்று பார்க்க. கண்ணாடிக்குள் மெனு எழுத்து தெரிகிறதே என்று அவர் கத்தியதும்தான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் கவனித்துச் சொல். டிவியைப் போட்டவுடன் ஒரு நொடி படம் பளிச்சென்று வந்து அணைகிறதா? நம்முடையதில் அப்படித்தான் இருந்தது. பேக்லைட்டில் விளக்குகள் பட்டை பட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் 3 வோல்ட், சிலவற்றில் 6 வோல்ட் வேண்டும். ஒன்று கருகினால் அந்தத் தொடரே அறுந்துபோகும். ஓட வேண்டிய மின்சாரம் கணக்குக்கு வரவில்லை என்று கண்டதும் விளக்குகளை ஓட்டும் சுற்று தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நம் 32 அங்குல டிவியில் மூன்று பட்டைகள். போனது ஒரே ஒரு விளக்கு. அதன் மேலிருந்த சின்ன லென்ஸ் பழுப்பேறிப் போயிருந்தது.

சரி, டார்ச்சில் ஒன்றுமே தெரியாவிட்டால்? அப்போது பேனலை ஓட்டும் டி-கான் போர்டு, அதற்குப் போகும் பட்டைக் கேபிள், மெயின் போர்டு என்று தேட வேண்டியிருக்கும். அதை நீயாகச் செய்யாதே. ஸ்டான்ட்பை விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் எத்தனை முறை என்று மட்டும் எண்ணி வை. பல டிவிகளில் அது பழுதைச் சொல்லும் குறியீடு. விரிசலோ, மை சிந்தியது போன்ற கறையோ இருந்தால் அது பேனல்தான். அப்போது புதிது வாங்கு, நான் தடுக்கமாட்டேன்.

பின்மூடியைத் திறப்பதாக இருந்தால் ஒரு விஷயத்தில் மட்டும் அம்மா சொல்வதை அப்படியே கேள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றால் அதில் 325 வோல்ட்டோ, சில டிவிகளில் அதற்கும் மேலோ ஏறியிருக்கும். அரை மணி நேரம் சும்மா விடு. அப்புறமும் நம்பாதே, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அதன் இரண்டு கால்களையும் தொட்டுப் பார். சில வோல்ட்டுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் கை. திருப்புளியால் ஷார்ட் செய்து காட்டும் வீரமெல்லாம் வேண்டாம். மூடி திறந்திருக்கும்போது கரன்ட் கொடுக்கவும் வேண்டாம்.

பட்டைகளை மாற்றுவதைத் தனியாகச் செய்யவே முடியாது. முன்சட்டத்தைக் கழற்றியதும் பேனல் வெறும் கண்ணாடித் தாளாக நிற்கும். அதன் ஓரத்திலிருந்து தொங்கும் மெல்லிய படலங்களில் ஒன்று கிழிந்தாலும் முடிந்தது, அதை ஒட்ட நம்மால் ஆகாது. நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கட்டிலில் விரித்த சுத்தமான போர்வை மேல் இறக்கினோம். வேலையில் எனக்கு நடுங்கியது அந்த ஒரு நிமிடம்தான். அடியில் இருக்கும் வெள்ளைத் தாள்களை எடுத்த வரிசையிலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது படம் எடுத்துக்கொள். கருகிய ஒரு விளக்கை மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றும். மற்றவையும் அதே வயது, அதே சூடு பட்டவை. எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றினேன், இரண்டாவது முறை அந்தக் கண்ணாடியைத் தூக்கும் தைரியம் எனக்கில்லை.

அந்தக் காலத்துப் பெட்டி டிவியைப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவேனே, படம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே விரிசல் விட்ட ஈயப்பற்று ஒட்டிக்கொண்டதால் வந்தது. இந்தக் கால டிவியை அப்படித் தட்டிவிடாதே.

சரியான பிறகு நான் செய்த முதல் வேலை, செட்டிங்ஸில் 100-இல் இருந்த பேக்லைட்டை 50-க்கு இறக்கியது. அப்பா இரண்டு நாள் மங்கலாக இருக்கிறது என்று முணுமுணுத்தார், அப்புறம் மறந்துவிட்டார். விளக்கைக் கொல்வது சூடுதான். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்று இருப்பது வேறு, அது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை மாற்றும். 'பேக்லைட்' என்று இருப்பதைத் தேடு.

இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. எழுத்து தெரிந்தால் டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. திரை அளவு ஒன்றாக இருந்தாலும் பட்டைகள் மாடலுக்கு மாடல் மாறும், அளவை மட்டும் சொல்லி வாங்கிவிடாதே. கண்ணாடியின் மறுபக்கத்தைப் பிடிக்க நிதானமான கை உள்ள நண்பன் யாராவது இருக்கிறானா என்றும் யோசித்து வை. இல்லையென்றால் நான் வரும்வரை அது கறுப்பாகவே இருக்கட்டும், சத்தத்தைக் கேட்டுக்கொண்டிரு.

அன்புடன்,
அம்மா