எட்டு மாசம் லேட்டா ஒரு பதில்

ஏய் வாத்து,

திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிடு, அப்புறம் படி. எட்டு மாசம் முன்னாடி நீ கேட்ட, "உங்க கம்பெனில ப்ராசஸ்னு ஏதாவது இருக்கா, இல்ல எங்களை மாதிரி தானா"ன்னு. நான் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிட்டு மறந்துட்டேன். மறந்துட்டேன்ங்கிறது கூட பொய் தான், பதில் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அம்மா கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, பையன் என்னை விட உயரமாயிட்டான், நான் இன்னும் அதே கண்ணாடி. குடும்பச் செய்தி அவ்ளோதான். இனிமே வர்றது கொஞ்சம் நீளம், உக்காந்து படி.

எங்க சாமியைத் தெரியும்ல, நான் புலம்புறப்ப எல்லாம் வருவாரே, ஒரு மீட்டிங்ல மூணு வார்த்தைக்கு மேல பேசாதவர். எட்டு வருஷமா எங்க ரிலீஸ் எல்லாம், அதாவது புது கோடை கஸ்டமர் சர்வர்ல ஏத்தறது, அவர் கையில தான். ரெண்டரை மாசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு அப்பெண்டிக்ஸ், ராத்திரியோட ராத்திரியா ஆபரேஷன். அதே ராத்திரி ஒரு கஸ்டமருக்கு பில் தப்பா போகுது, ஒரு வரி ஃபிக்ஸ், கோடு ரெடி, டெஸ்ட் ஆயிடுச்சு, சர்வர்ல ஏத்த வேண்டியது தான் பாக்கி. ஏத்தறது எப்படின்னு பதினாலு பேர்ல ஒருத்தருக்கும் தெரியல. டீம் லீடுன்னு போர்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற எனக்கும் தெரியல!

டாக்குமெண்ட் இல்லாம இல்ல. இருந்துச்சு. நாலு வருஷமா யாரும் தொடாத டாக்குமெண்ட். ஏழாவது ஸ்டெப்ல எழுதியிருக்கு: "வழக்கம் போல ஸ்க்ரிப்டை ஓட்டவும்". வழக்கம் யாருடைய வழக்கம்? ஃபோல்டரைத் திறந்தா நாலு ஸ்க்ரிப்ட், கமாண்டை எல்லாம் வரிசையா எழுதி வச்ச ஃபைல், பல்லிளிக்குது. டிப்ளாய், டிப்ளாய்_நியூ, டிப்ளாய்_ஃபைனல், டிப்ளாய்_ஃபைனல்_2. நீயா இருந்தா எதை ஓட்டுவ? புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி, குருவின்னு கூப்பிடுவோம், "ஃபைனல் ரெண்டு தானே லேட்டஸ்டா இருக்கும்"னா. நானும் ஆமான்னு தலையாட்டினேன், இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ, நான் தலையாட்டினேன். அது டெஸ்ட் சர்வருக்காக சாமி எழுதின ஸ்க்ரிப்ட். டேபிளை எல்லாம் துடைச்சிட்டு டம்மி டேட்டா ஏத்துற ஸ்க்ரிப்ட். கஸ்டமரோட ரேட் டேபிள் மொத்தமும் காலி, அந்த இடத்துல "டெஸ்ட் ஐட்டம் 1, டெஸ்ட் ஐட்டம் 2"ன்னு வரிசையா நிக்குது.

சரி பேக்கப் இருக்குமேன்னு போனோம். தினமும் காலையில "பேக்கப் சக்சஸ்"னு மெயில் வரும், ரெண்டு வருஷமா வருது, படிக்காமலே டிலீட் பண்ணுவேன். ஃபைலைப் பாத்தா ஜீரோ பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எப்பவோ மாத்தியிருக்கோம், பேக்கப் ஜாபுக்கு யாரும் சொல்லல, அது பாட்டுக்கு வெறும் ஃபைலை உருவாக்கிட்டு ஜெயிச்சுட்டேன்னு மெயில் போட்டுக்கிட்டே இருந்திருக்கு. கடைசில எங்களைக் காப்பாத்தினது யாருன்னு கேளு. அந்த கஸ்டமர் ஆபீஸ்ல ஒரு அம்மா, எங்க சாஃப்ட்வேர் மேல நம்பிக்கை இல்லாம வாராவாரம் ரேட் லிஸ்ட்டை எக்ஸெல்ல எடுத்து வச்சுக்குவாங்களாம். நம்பிக்கை இல்லாததுக்கு அவங்க கால்ல விழுந்து கும்பிடலாம்னு இருந்துச்சு.

விடியக்காலை வீட்டுக்கு வந்து தூக்கம் வராம கிட்லேப் கதையைத் தேடிப் படிச்சேன், ஊர்ல உள்ளவங்க கோடை எல்லாம் சேத்து வைக்கிற வெப்சைட் கம்பெனி. 2017 ஜனவரி 31, ராத்திரி நேரம், அவங்க இன்ஜினியர் ஒருத்தர் வேற சர்வர்னு நெனச்சு மெயின் டேட்டாபேஸையே அழிச்சிட்டார். ரெண்டு செகண்டுக்குள்ள சுதாரிச்சு நிறுத்தியும் சுமார் 300 ஜிபில நாலரை ஜிபி தான் மிச்சம். பேக்கப் வேற வேற விதமா வச்சிருந்தும் அவசரத்துக்கு ஒண்ணும் உதவல, ஒரு பேக்கப் வெர்ஷன் பொருந்தாம ரொம்ப நாளா ஃபெயிலாகிட்டு இருந்திருக்கு, ஃபெயிலானதைச் சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. தற்செயலா யாரோ ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஒரு காப்பியால தான் பிழைச்சாங்க. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனது தான். ஆனா பாரு, அப்புறம் போட்ட அறிக்கைல அந்த ஆளோட பேரே இல்ல, 'டீம் மெம்பர் 1', அவ்ளோதான். மத்த எல்லாத்தையும் விட அதைத் தான் நான் ரெண்டு தடவை படிச்சேன். ஏன்னா குருவி அன்னிக்கு பாத்ரூம்ல ஒரு மணி நேரம் அழுதுட்டு "நான் ரிசைன் பண்ணிடட்டுமாக்கா"ன்னு கேட்டுட்டு தான் வீட்டுக்குப் போனா.

திங்கக்கிழமை முதலாளி வந்தார். யார் செஞ்சதுன்னு கேட்டார், நான் தான்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நமக்கு ப்ராசஸ் இல்ல, கன்சல்டன்ட்டைக் கூப்பிடுவோம், சர்டிஃபிகேட் வாங்கிடுவோம்"னார். எனக்கு உடனே உன் ஞாபகம் தான். நீ முன்னாடி இருந்த அந்த லெவல் ஃபைவ் கம்பெனில, ப்ராசஸுக்குக் குடுக்கிற அஞ்சு லெவல்ல உச்சம், ஆடிட்டுக்கு முந்தின நாள் நைட்டு, நடக்காத ரிவ்யூவுக்கு மினிட்ஸ் எழுதிக்கிட்டு இருந்தியே, பழைய தேதி போட்டு, கை வலிக்குதுன்னு எனக்கு வேற போன் பண்ணி! சிஎம்எம்ங்கிற அந்த அஞ்சு லெவல் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா அமெரிக்க ராணுவத் துறை காசு குடுத்து கார்னகி மெலன் யூனிவர்சிட்டில நடத்தின இன்ஸ்டிட்யூட், பெரிய பெரிய கான்ட்ராக்டர்ங்க ஒழுங்கா சாஃப்ட்வேர் பண்ணுவாங்களான்னு எடை போடறதுக்காக செஞ்சது, 1991ல முதல் வெர்ஷன். அதைக் குறை சொல்லல. ஆனா யானைக்குத் தைச்ச சட்டையை எலிக்குப் போட்டா எலி நடக்குமா?

அப்புறம் தேடினதுல ஒண்ணு கெடச்சுது, ஐஎஸ்ஓ 29110. நீ கேள்விப்பட்டிருக்கியா? இருபத்தஞ்சு பேர் வரைக்கும் உள்ள சின்ன இடத்துக்குன்னே போட்டது, 2011ல வந்துச்சு, மெக்ஸிகோக்காரங்க அவங்க ஊர் சின்ன கம்பெனிங்களுக்குன்னு மோப்ரோசாஃப்ட்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, அதை அடிப்படையா வச்சு வளர்ந்தது. அதுல பேசிக் ப்ரொஃபைல்ங்கிற அடிப்படைத் தொகுப்புல மொத்தமே ரெண்டு ப்ராசஸ், ஒண்ணு ப்ராஜெக்ட்டை நடத்தறது, இன்னொண்ணு சாஃப்ட்வேரை செய்யறது. படிச்சுக்கிட்டே போறேன், ஒரு இடத்துல சாதாரணமா ரெண்டு வேலை எழுதியிருக்கு: ரெபாசிட்டரிக்கு (ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் இருக்கிற இடம்) பேக்கப் எடு, தேவைப்பட்டா அதுல இருந்து திரும்ப மீட்டு எடு. பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சுடி. நாங்க முதல் வேலையை செஞ்சதா நெனச்சுக்கிட்டு இருந்தோம், ரெண்டாவதை ஒரு நாளும் செஞ்சு பாத்ததே இல்ல. முதலாளி கிட்ட சொன்னேன், சர்டிஃபிகேட் அடுத்த வருஷம் பாத்துக்கலாம், இப்போதைக்கு எது வலிச்சுதோ அதை மட்டும் சரி பண்றேன், ஒரு சமயத்துல ஒண்ணு. காசு மிச்சம்னதும் ஒத்துக்கிட்டார்.

முதல்ல ரிலீஸ். சாமி தையலோட திரும்பி வந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். விதி என்னன்னா, எழுதினவர் ஓட்டக் கூடாது. குருவி அந்தப் பக்கத்தைப் பாத்து ஓட்டணும், சாமி பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும், வாயைத் திறக்கக் கூடாது (அது அவருக்குக் கஷ்டம் இல்ல). முதல் தடவை பதினோரு இடத்துல நின்னா. "சர்வர்ல லாகின் பண்ணு"ன்னு இருக்கு, எந்த சர்வர்? "க்யூ காலியானதும்"னு இருக்கு, வரிசைல காத்திருக்கிற வேலை எல்லாம் காலியாச்சுன்னு எப்படித் தெரியும்? சாமி முகத்தைப் பாக்கணுமே நீ, இது கூடத் தெரியாதாங்கிற மாதிரி. ஆனா அவரே யோசிச்சுப் பாத்தா, க்யூ காலியாச்சுன்னு அவருக்குத் தெரியறது ஸ்க்ரீன் ஓடற வேகத்தை வச்சாம்! அதை எந்த டாக்குமெண்ட்ல எழுதறது? ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு வரி ஆச்சு, நாலாவது ரிலீஸ்ல தடங்கல் ரெண்டு தான், அப்புறம் அந்த வரிகளையே ஒரு ஸ்க்ரிப்டா மாத்திட்டோம், டெஸ்ட்டா ப்ரொடக்ஷனா (கஸ்டமர் நிஜமா பயன்படுத்தற சர்வர்)ன்னு கேட்டு சர்வர் பேரை டைப் பண்ணச் சொல்லும். பழைய நாலு ஃபைலையும் குருவி கையாலயே டிலீட் பண்ண வச்சோம். பேக்கப்பும் இப்ப மாசத்துல முதல் திங்கக்கிழமை வேற ஒரு மிஷின்ல ஏத்திப் பாக்கறோம். மெயிலை நம்பறது இல்ல.

அடுத்தது தான் எனக்கு விழுந்த அடி. எதுவுமே டயத்துக்கு முடியறதில்லைன்னு நான் பசங்களைக் கத்திக்கிட்டே இருப்பேன்ல. செவுத்துல ஒரு போர்டு போட்டு, கையில இருக்கிற வேலை எல்லாத்தையும் ஒட்டச் சொன்னேன். இருபத்து மூணு சீட்டு. வாரத்துக்கு நாங்க முடிக்கறது சராசரியா நாலு. காலேஜ்ல க்யூயிங் தியரில படிச்சோமே, லிட்டில்ஸ் லா, ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்சது, நீ பிட்டுல எழுதி வச்சிருந்ததால உனக்கு ஞாபகம் இருக்கும். கையில இருக்கிற வேலையை முடிக்கிற வேகத்தால வகுத்தா, ஒரு வேலை முடிய சராசரியா எவ்ளோ நாள் ஆகும்னு வரும். இருபத்து மூணை நாலால வகுத்தா ஆறு வாரம் கிட்ட வருது. நாங்க கஸ்டமருக்கு சொல்றது ரெண்டு வாரம். யாரும் சோம்பேறி இல்ல, கணக்கே இடிக்குது, புதுசா ஒரு சீட்டை ஆரம்பிக்கிற ஒவ்வொரு தடவையும் பழையது எல்லாத்தையும் நாமளே தள்ளிப் போடறோம். அதை விட மோசம், அந்த இருபத்து மூணுல ஒன்பது ஒரே கட்டத்துல நிக்குது. "ரிவ்யூ", எழுதின கோடை இன்னொருத்தர் பாத்து சரி சொல்ற கட்டம். ரிவ்யூ பண்றது யாரு? நான் மட்டும். என் கண்ணு படாம ஒரு வரி உள்ள போகக் கூடாதுன்னு நானே போட்ட சட்டம். சாமியைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தவ, நான் என்னமோ பெரிய இவ!

ஒருத்தரும் வாயைத் திறக்கல, எல்லாரும் போர்டைப் பாக்காத மாதிரி பாத்துட்டு உக்காந்துட்டாங்க. மறுநாள் ரிவ்யூ கட்டத்துல மூணுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டினேன். நெறைஞ்சா யாரும் புது வேலை ஆரம்பிக்கக் கூடாது, வந்து ரிவ்யூ பண்ணணும், யார் வேணாலும் யாரோடதையும். முதல் ரெண்டு வாரம் எனக்குக் கை நடுங்குச்சு, உண்மையா சொல்றேன், பாக்காத கோடு உள்ள போறப்ப வயித்துல என்னமோ பண்ணும். ரெண்டு பக் தப்பிச்சுப் போச்சு, ஆனா நான் பாத்த காலத்துலயும் தப்பிச்சுக்கிட்டு தான் இருந்துச்சு. இன்னிக்கு போர்டுல பதினோரு சீட்டு. வேகம் பெருசா கூடல, வாரத்துக்கு நாலு, நாலரை. ஆனா சொன்ன தேதிக்கு ரொம்பத் தள்ளிப் போறதில்ல.

இதெல்லாம் பீத்திக்க எழுதலடி. சாமி விஷயம் தான் ஒரு மாதிரி இருக்கு.

அந்த ஸ்க்ரிப்ட் முதல் தடவை தடங்கல் இல்லாம ஓடினப்ப எல்லாரும் கை தட்டினோம். சாமி மெதுவா கேட்டார், "அப்ப இனிமே நான் தேவையில்ல?" சிரிச்சுக்கிட்டே தான் கேட்டார். எனக்கு பதில் வரல. ஏன்னா எட்டு வருஷத்துல ஒரு நாள் கூட அவருக்கு நாங்க நன்றின்னு சொன்னதில்ல, ரிலீஸ் நல்லா போனா யாரும் கவனிக்க மாட்டோம், கெட்டுப் போனா போன் பண்ணுவோம். ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப அவர் வைஃப் சொன்னாங்க, பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடறப்ப இவர் வெளியே வண்டில லேப்டாப்போட இருந்தாராம். கோவமா கூட சொல்லல அவங்க, பழகிப் போன மாதிரி சொன்னாங்க. அவ்வளவு குடுத்த மனுஷனுக்கு அந்த ரகசியம் மட்டும் தானே கையில மிஞ்சின சொத்து, அதையும் ஒரு பக்கத்துல எழுதி வாங்கிட்டேன். இப்பவும் ரெண்டு மூணு விஷயத்தை அவர் எழுதலன்னு எனக்குத் தெரியும். சர்வரோட செக்யூரிட்டி சர்டிஃபிகேட் ரின்யூவல் எப்படின்னு கேட்டா "நான் பாத்துக்கறேன்"ங்கிறார். வற்புறுத்தவும் மனசு வரல, விடவும் முடியல. முதலாளி கிட்ட அவருக்கு ஆர்க்கிடெக்ட்னு பதவி, சம்பளம் எல்லாம் பேசிட்டேன், சரின்னுட்டார். ஆனா அது அந்தக் கேள்விக்கு பதில் இல்லையே.

உன்னைத் தான் கேக்கணும்னு தோணுச்சு. நம்ம முதல் வேலைல கோடை ஓடற சாஃப்ட்வேரா மாத்தற அந்த பில்ட் மிஷினை யாரையும் தொட விடாம காவல் காத்தது யாரு, கீபோர்டுல ஸ்டேப்ளரை வச்சுட்டுப் போவியே? அப்புறம் ஒரு நாள் நீயே, நாம தாத்தான்னு கூப்பிட்ட ஆளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்ட. எது உன்னை மாத்துச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா, இல்ல அலுத்துப் போச்சா? ஜோக் அடிக்காம எழுது, இந்த ஒரு தடவை.

உங்க கம்பெனிக்கு என்ன பண்றதுன்னு கேட்டல்ல, ப்ராசஸ் டாக்குமெண்ட் ஒண்ணும் இப்ப வாங்காத. நாளைக்கு உன் பேக்கப்பை வேற மிஷின்ல ஏத்திப் பாரு, முதல்ல அது ஏறுதான்னு சொல்லு.

இன்னிக்கும் வெள்ளிக்கிழமை தான். சாமி பொண்ணுக்கு ஏதோ போட்டியாம், லீவு, போனை ஆஃப் பண்ணிட்டுப் போங்கன்னு நானே சொல்லி அனுப்பினேன், பாதி மனசோட தான் பண்ணினார். ரிலீஸ் குருவி ஓட்டறா, நான் பக்கத்துல நின்னா பதட்டமாகுதுன்னு துரத்தி விட்டா, அதனால தான் இங்க உக்காந்து உனக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்.

இரு, கூப்பிடறா. பதினாலாவது வரில நிக்குதாம். ரின்யூவல் விஷயமா தான் இருக்கும். போய் பாத்துட்டு வரேன்.

உன்
கொசு