நாய்க்குக் கூடா, இஸ்தோப்பா? மஸ்கெலியா நண்பனுக்கு ஒரு கடிதம்

பண்டாரவளை,
மார்ச் 9

அன்பின் மச்சான்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ஏழு பேர்ச் காணியில் வீடு முடிந்து குடிபோய்விட்டாய் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. வீட்டுக் கதையை அடுத்த கடிதத்தில் பேசுவோம். இது முழுக்க அந்த இரண்டு மாத அல்சேஷன் குட்டிக்காக.

வெளியே கூடு கட்டவா, வீட்டுக்குள் வைக்கவா என்று கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயம்: பகலில் கூடு, இரவில் இஸ்தோப்பு, அதாவது கதவு போட்ட முன்விறாந்தை. இஸ்தோப்பில் இடமே இல்லையென்றால் கூட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டு. காணியின் மூலையில், மலசலகூடத்துக்குப் பின்னால், கோழிக்கூடு மாதிரி ஒன்றைக் கட்டி நாயை அங்கே தள்ளிவிடாதே. உங்கள் பக்கத்தில் நாயைக் கெடுப்பது இரண்டு விஷயம்: ஈரமும் புலியும், அதாவது சிறுத்தையும். குளிர் அதற்குப் பிறகுதான்.

நாயின் உடல் சூடு 38இலிருந்து 39 பாகை வரை. ரோமமும் வயிற்றில் தீனியும் இருந்தால் மஸ்கெலியாக் குளிரை வளர்ந்த அல்சேஷன் பொருட்படுத்தாது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், தை மாசி மாதங்களில் புல்லில் உறைபனி படியும் இரவுகளில்கூட, காய்ந்த படுக்கை இருந்தால் தாங்கிக்கொள்ளும். நனைந்த ரோமத்தோடு நனைந்த சாக்கில் படுத்தால் அந்த ரோமத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. ரோமத்துக்குள் நிற்கும் காற்றுதான் போர்வை. தண்ணீர் புகுந்ததும் போர்வை போய்விடும்.

குட்டியின் கதை வேறு. நாலு மாதம் முடியும்வரை அது வீட்டுக்குள்தான். குளிர் ஒரு காரணம், தடுப்பூசி இன்னொரு காரணம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போட்டு பதினாறாம் வாரத்தில்தான் முடியும். அதுவரை பார்வோ கிருமி பிடித்தால் இரத்தமும் கழிச்சலுமாக இரண்டே நாளில் குட்டி கையை விட்டுப் போகலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊர் நாய்கள் வந்து போகும் இடத்தில் குட்டியை இறக்காதே. விசர்நாய்த் தடுப்பூசியைத் தனியாகக் கேட்டுப் போடு, பிறகு வருஷா வருஷம். 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கென்று சட்டம் போட்ட நாடு நம்முடையது. தடுப்பூசி அட்டையை வீட்டில் பத்திரமாக வை.

உள்ளே எங்கே படுக்கவைப்பது? குசினி அடுப்படியில் மட்டும் வேண்டாம். சாம்பல் சூட்டுக்கு நாய் தானாகவே போய்ச் சுருண்டுகொள்ளும். அடியில் கங்கு கிடந்தால் வயிறு வெந்துபோகும், புகையில் இருமலும் வரும். இஸ்தோப்புச் சுவரோரம், கதவிடுக்குக் காற்று படாத பக்கமாக, தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி ஒரு பலகைத் தட்டு போடு. வெறும் சீமெந்துத் தரையில் மடித்த சாக்கு போதாது. சீமெந்து சூட்டை உறிஞ்சும். பெரிய நாய்க்கு முழங்கையில் தோல் தடித்துக் காய்ப்பதும் அதனால்தான். முதல் வாரங்களில் ஒன்றரை லீற்றர் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, தட்டின் ஒரு ஓரத்தில் வை. சூடு கூடினால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் இடம் வேண்டும். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் நிறுத்து. அது நாய்க்கு மட்டுமல்ல, ஆளுக்கும் எமன்.

வீட்டுக்குள் வைப்பதில் குறை இல்லாமல் இல்லை. பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஐந்தாறு பேரும் ஒரு பெரிய நாயும் என்றால் சொறி, தெள்ளு, புழு எல்லாம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான். குட்டிக்கு இரண்டு, நாலு, ஆறு, எட்டு வாரங்களில் பூச்சி மருந்து, வளர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளைகள் தவழும் வீட்டில் இதில் தவறவே கூடாது. நாயின் கழிவைக் கீரைப்பாத்திக்கு உரமாகப் போடாதே, புழு முட்டை மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்கும்.

இனிக் கூடு. குட்டிக்கு நாலு மாதம் ஆகும்போது மே மாதம் வந்துவிடும், உங்கள் பக்கம் தென்மேல் மழை இறங்கும் நேரம். ஆகவே தளத்தை இப்போதே போடு, மழைக்கு முன் காய்ந்து இறுகட்டும்.

வாசல் எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கத்துக்கு அடைமழை தென்மேற்கிலிருந்து வரும். அங்கே கூட்டின் முதுகு மேற்குக்கு, முகம் கிழக்குக்கு. காலை வெயில் உள்ளே விழுந்தால் பாதி வேலையை வெயிலே செய்துவிடும். எங்கள் ஊவாப் பக்கம் மழை வடகீழ்க் காற்றோடு வரும், ஆடியில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும், கணக்கே வேறு. பதுளையில் பார்த்துவிட்டு வந்து ஒருவன் சொன்ன மாதிரி கட்டாதே.

ஓடித்திரியும் இடம் சுவரோரமாகப் பத்தடி நீளம், வெளியே ஆறடி அகலம் போதும். மூன்று அங்குலக் கொங்கிரீட், சீமெந்து, மணல், கல் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை. ஐம்பது கிலோ சீமெந்து மூன்று மூட்டை பிடிக்கும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு, அதாவது சுவரிலிருந்து வெளிவிளிம்புக்குள் ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். மேசனிடம் இதை இரண்டு தடவை சொல். சொல்லாவிட்டால் வீட்டுத் தளம் மாதிரி மட்டமாக்கி, வழுவழுவென்று தேய்த்தும் வைத்துவிடுவார். மட்டத்தில் மூத்திரம் தேங்கும், வழுவழுப்பில் பாசி பிடித்து நாய் சறுக்கும். ஈரமாக இருக்கும்போதே தென்னந் துடைப்பத்தால் ஒரு இழு இழுத்தால் பிடிமானம் வந்துவிடும். வெளிவிளிம்பில், கம்பிக்கு அப்பால், நாலு அங்குலக் கான் வெட்டி உறிஞ்சு குழிக்கு விடு. குழி குடிதண்ணீர்ப் பீலிக்கு மேற்பக்கம் வரவே கூடாது.

படுக்கைப் பெட்டியில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். நாய் பெரிது, பெட்டியும் பெரிதாக இருக்கட்டும் என்று நினைக்கிறோம். பெட்டிக்குள் அடுப்பு நாய்தான். இடம் கூடினால் அந்தச் சூடு போதாது. வளர்ந்த அல்சேஷனுக்கு உள்ளளவு நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம். சாதாரண ஊர் நாய் என்றால் மூன்றுக்கு இரண்டு போதும். வாசலை நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக வெட்டு, காற்று நேரே படுக்கையில் அடிக்காது. அடியில் ஐந்து அங்குலப் பலகை நிலை வேண்டும், இல்லாவிட்டால் படுக்கை எல்லாம் வெளியே கிடக்கும். பெட்டியை ஓரடி உயரத்துக்குப் புளொக் கல்லில் தூக்கி வை. அடியில் துடைப்பம் போக வேண்டும். அரையடி விட்டால் எலி குடியேறும், எலி வந்தால் எலிக்காய்ச்சலும் வரும். மிஞ்சிய சோற்றை இரவில் கூட்டில் விடாதே.

கூரைக்குத் தகரம் மட்டும் அடித்தால் விடியற்காலையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். வெளியே மழை இல்லை, உள்ளே சொட்டும். நாயின் மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகி விழுகிறது. தகரத்துக்குக் கீழே ஓரங்குல ரெஜிஃபோம் நுரைத்தகடு, அதற்குக் கீழே ஒட்டுப்பலகை. ரெஜிஃபோம் ஒரு விரல் தெரிந்தாலும் கடித்துத் துப்பிவிடும், நாலு பக்கமும் சட்டம் அடித்து மூடு. பின்கூரை விளிம்புக்குக் கீழே, காற்று வராத பக்கமாக, இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விடு. முழுக்க அடைத்தால் கதகதப்பு என்று நினைப்பது பிழை, உள்ளே ஈரம்தான் சேரும். அதிகாலையில் கையை உள்ளே விட்டு மேற்பலகையைத் தடவிப் பார். விரல் நனைந்தால் இடைவெளி போதவில்லை. அப்படியே படுக்கையில் ஒரு பிடி அள்ளிப் பிழி. கையில் குளுமை ஒட்டினால் அன்றைக்கே மாற்று.

படுக்கைக்கு உங்கள் பக்கம் வைக்கோல் கிடைப்பது அபூர்வம். மானாப்புல்லை அறுத்து நன்றாகக் காயவைத்தால் அதுவே போதும், ஐந்தாறு அங்குலம் திணிக்கலாம். மர ஆலைச் சீவலும் சரி, ஆனால் மருந்தடித்த மரத்தின் சீவல் கூடாது. பழைய கம்பளியும் சாக்கும் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துக்கொண்டே கிடக்கும், வெளிக்கூட்டுக்கு ஆகாது. ஃபெக்டரியில் கழிவுத்தேயிலை சும்மா கிடைக்கிறதே என்று மட்டும் கொண்டுவந்து கொட்டிவிடாதே. தேயிலையில் கஃபீன் இருக்கிறது. குட்டி வாயில் போட்டு மென்று விழுங்கினால் வாந்தி, படபடப்பு, அளவு கூடினால் வலிப்பு.

புலிக்கு வருவோம். நம்மாட்கள் புலி என்று சொல்லும் சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் என்றால் வாழையிலை போட்டுப் பரிமாறிய மாதிரி, ஓடவும் முடியாது. ஆறடி வேலி அதற்கு ஒரு தடையே இல்லை, ஆகையால் மேலேயும் கம்பி வேண்டும். கோழிவலையும் பின்னல் கம்பியும் போதாது. இரண்டு அங்குலக் கண்ணுள்ள பத்தாம் கேஜ் வெல்ட் மெஷ், இரும்புப் பைப் சட்டத்தில் வெல்டிங் செய்தது. அடியில் ஆறங்குலம், கொங்கிரீட்டையும் தாண்டி மண்ணுக்குள், புதைந்திருக்கட்டும். கதவு உள்பக்கம் திறக்க வேண்டும், அப்போதுதான் நாய் பாய்ந்து தள்ளினாலும் சட்டத்தோடு இறுகும். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள்.

இவ்வளவு செய்தும் இரவில் நாய் கம்பியோரம் படுத்திருந்தால் மெஷ் வழியாக நகம் எட்டும். ஆகவே இருட்டியதும் நாய் ஒன்றில் இஸ்தோப்புக்குள், அல்லது பலகைக் கதவு சாத்திய பெட்டிக்குள். நான் இரவுக்கு இஸ்தோப்பு என்பது இதனால்தான். காவலுக்கும் அதுவே நல்லது. நாயின் காவல் அதன் காதிலும் குரலிலும்தான் இருக்கிறது, வாசலுக்குப் பக்கத்தில் படுத்தால் உனக்கும் உடனே கேட்கும். புலியைப் பிடிக்கிறேன் என்று யாராவது சுருக்குக் கம்பி கட்டச் சொன்னால் செவி கொடுக்காதே. சட்டப்படி குற்றம், அதில் உன் நாயே மாட்டும். 2020 மே மாதத்தில் உங்கள் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை செத்ததே, மறந்திருக்க மாட்டாய்.

உண்ணி கூட்டிலும் வரும், வீட்டிலும் வரும். முக்கால்வாசி நேரம் அது நாயின் மேலேயே இருப்பதில்லை. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரில் ஏறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டால் மூன்று வாரத்தில் பழைய கதை. வெடிப்பைச் சீமெந்துப் பால் ஊற்றி அடை, பெட்டிப் பலகைப் பொருத்துகளையும் அடை. ஈறு வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் உண்ணிக்காய்ச்சல், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து நாய்க்குச் சரி, பூனைக்கு விஷம். உங்கள் வீட்டுப் பூனையும் நாயோடு ஒட்டிப் படுக்கும் என்று எழுதியிருந்தாயே, அதற்காகச் சொல்கிறேன். தளம் கழுவ ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர், பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசு. முதலில் அழுக்கைக் கழுவாமல் பிளீச்சை ஊற்றினால் காசுதான் கானில் போகும்.

அட்டைக்குக் காலிடுக்கையும் காதையும் தினமும் பார்ப்பாய், அது பிரச்சினை இல்லை. மூக்குக்குள் ஏறும் அட்டைதான் தந்திரக்காரி. ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும் நாய்க்கு வரும். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் கசிந்து, ஓயாமல் தும்மினால் சந்தேகப்படு. சில மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்து, பிறகு ஒரு கோப்பையில் தெளிந்த தண்ணீரை மூக்கடியில் பிடித்தால், தண்ணீர் வாசனைக்கு அது நுனியை நீட்டும். கரும்பழுப்பாக, வழவழவென்று, ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். நுனி மெல்லிய சாமணத்தால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். கை நடுங்குகிறவன் இதை வைத்தியரிடம் விடுவது நல்லது.

கூட்டுக்குப் பழக்குவது ஒரு வாரப் பாடு. கதவைத் திறந்தே வைத்து உள்ளே சோறு போடு, பிறகு ஐந்து நிமிஷம் சாத்து, பிறகு அரை மணி. தண்டனைக்கு அங்கே அடைத்தால் அடுத்த நாளிலிருந்து கூடு என்றாலே ஊளைதான். பாதையில் போகிற ஆளையெல்லாம் பார்த்துக் குரைத்தால், அந்தப் பக்கக் கம்பியில் மூன்றடி உயரத்துக்குப் பலகை அடி.

மெஷ் கணக்கைப் போட்டுவிட்டேன். ஒரு பக்கம் வீட்டுச் சுவர் என்பதால் மற்ற மூன்று பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு அடி, உயரம் ஆறடி. மூன்றடி அகல ரோல் வாங்கினால் பக்கங்களுக்கு நாற்பத்திநாலு அடியும் மேலுக்கு இருபதடியும், ஆக அறுபத்திநாலு அடி. அடியில் புதைக்கும் ஆறங்குலத்துக்குத் தனியாக மெஷ் வேண்டாம், உயரத்தில் அதைக் கழித்துக்கொள். நாலடி ரோலில் வெட்டு வீணாகும். மூன்றடியில் இரண்டு துண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு குறுக்குப் பைப் ஓட வேண்டும், அதை வெல்டிங் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஹாட்வெயார் கடைக்குப் போகுமுன் உன் வீட்டுக் கிழக்குச் சுவரின் நீளத்தையும், தகர விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி என்பதையும் அளந்து எனக்கு எழுது. ஏழடிக்குக் குறைவென்றால் மேற்கம்பிச் சட்டத்தை வேறு மாதிரிச் சாய்க்க வேண்டிவரும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்