சின்னவளுக்கு எந்த வாத்தியம்

இணுவில்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீங்கள் எல்லோரும் அங்கே சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ அவசரமாகத் தொலைபேசியை வைத்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் சின்னவளுக்கு வயலினா கிளாரினெற்றா என்று கேட்டிருக்கிறார்கள், இரண்டில் சத்தம் குறைந்தது எது என்றாய். என்னிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்களில் எது பிள்ளைக்குப் பொருந்தும் என்று கேட்டவர்கள் உண்டு, விலையைக் கேட்டவர்கள் உண்டு. சத்தத்தை முதலில் கேட்டவள் நீதான். சுவர்கள் மெல்லியவை என்றும் சொன்னாய். உங்கள் வீட்டைச் சுற்றி வளவு இருந்ததாகவே எனக்கு நினைவு. அது கிடக்கட்டும், கேட்டதற்கு எழுதுகிறேன்.

வயலினில் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைமேல் மாட்டுகிற கனமான ரப்பர் மியூட் ஒன்று கடைகளில் உண்டு. அதை மாட்டினால் தந்தியின் அதிர்வு பெட்டிக்குப் போவது குறைந்து, அடுத்த வீட்டாருக்குத் தொந்தரவில்லாத அளவுக்கு ஓசை தணிந்துவிடும். கிளாரினெற்றுக்கு அந்த வசதி இல்லை. அதன் ஓசை அடிவாயால் மட்டுமன்றித் திறந்திருக்கும் துளைகளாலும் வெளிவருவதால், அடிவாயை அடைத்துப் பயனில்லை. ஆனால் பிள்ளை, சத்தத்தை வைத்து முடிவெடுக்காதே. அக்கம்பக்கத்தார் முறையிட்டால் மாலையில் இன்ன நேரத்தில் அரை மணி நேரம் வாசிப்பாள் என்று சொல்லிவைக்கலாம். வீட்டுக்குள்ளேயே சத்தம் கூடாதென்றால், அது வாத்தியத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய காரியமல்ல.

தொடங்குகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல. கிளாரினெற்றில் றீட் என்கிற மெல்லிய நாணல் தகட்டை நனைத்துப் பொருத்தி, கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்துக் கவ்வி ஊதப் பழகிவிட்டால், சுரம் விரைவில் ஒழுங்காக வந்துவிடும். விரல் துளையைச் சரியாக மூடினால் சுருதி ஏறத்தாழ அதன் இடத்திலேயே நிற்கும். ஆகவே சில கிழமைகளில் ஒரு சிறு பாட்டை வாசித்து மகிழ்வாள். வயலினில் அந்தச் சலுகை இல்லை. வீணைக்கு விரல் வைக்கும் இடத்தைக் காட்ட 24 மெட்டுகள் இருக்கின்றன, வயலினின் கழுத்தில் ஒன்றுமே இல்லை. விரல் ஒரு நூல் தள்ளிப்போனாலும் ரிஷபம் பிசகிவிடும், வில் சாய்ந்தால் கீச்சிடும். நீ மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசித்த நாட்களில் அந்தக் கீச்சொலி படலை வரை கேட்கும். அம்மா குசினியிலிருந்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதே நீதான் பின்னர் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில், பரீட்சகர் போதுமென்று கைகாட்டும்வரை வர்ணத்தைத் தாளம் தவறாமல் வாசித்தாய்.

கிளாரினெற் தன் கடினத்தைப் பின்னால்தான் காட்டும். புல்லாங்குழலில் ஊதும் முறையை மாற்றினால் பெரும்பாலும் அதே விரல்களுக்கு மேல் ஸ்தாயிச் சுரம் வரும். கிளாரினெற்றில் வருவது அந்த மேல் சட்ஜத்தையும் தாண்டிய பஞ்சமம் என்பதால், மேலே ஏறும்போது விரல்களைப் புதிதாகப் படிக்க வேண்டும். அவளுக்குப் பல்லில் கம்பி போட்டிருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். மேற்பல் ஊதுவாயில் படிய, உதடு கம்பியில் அழுந்தும். சில நாட்கள் உள்ளுதடு புண்படலாம். பல் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேள். கிளாரினெற் நம் இசைக்கு அந்நியம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஏ.கே.சி. நடராஜன் அதில்தான் கர்நாடகக் கச்சேரி செய்து 2008இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். வயலினும் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வெளியிலிருந்து நம்மிடம் வந்ததுதான்.

இருந்தும் என் மனம் வயலின் பக்கமே போகிறது. நான் வயலின்காரன் என்பதற்காக அல்ல. காற்று வாத்தியம் வாசிக்கிறவளின் வாய் வாத்தியத்துக்கே சொந்தம். வயலினை மடியில் சாய்த்தவள் வாசித்துக்கொண்டே பாடவும் செய்வாள், அவளோடு நீயும் பாடலாம். அந்த ஊரில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று உலர்ந்து, தந்தியை முறுக்கும் பிருடை சுருங்கி வழுக்கும். அந்த வயதுப் பிள்ளையால் தனியாகச் சுருதி சேர்க்க முடியாது. தினமும் நீ பக்கத்தில் அமர்ந்து சேர்த்துக்கொடுக்க வேண்டிவரும். எவ்வளவு களைத்து வந்தாலும் அந்த நேரம் உங்கள் இருவருக்கும் இருக்கட்டும். ஒன்றை மட்டும் கவனி: பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய முறையில் தந்தி கட்டுவார்கள், அதே வயலினை வீட்டில் நம்முடைய ச-ப-ச-ப முறைக்கு மாற்றி மாற்றிக் கட்டினால் சுருதி நிலைக்காது, தந்தியும் அறும்.

வாத்தியத்துக்கு வாடகை எவ்வளவாகும் என்றும் முணுமுணுத்தாய். நீ ஒருபோதும் காசுக்காகத் தயங்கியவள் அல்ல. அம்மா அதைக் கேட்டதிலிருந்து சரியாக உறங்கவில்லை. உன் முக்கால் அளவு வயலின் இங்கே பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சுருளின் ஓரத்தில், உன் வலது காலில் ஊன்றியிருந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிகிறது; வேறு பழுதில்லை. அளவு பொருந்தினால், சின்னமாமியின் மகன் திருவிழா முடிந்து திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன். தந்திகளைச் சற்றே தளர்த்தித்தான் அனுப்புவேன். முழுக்கத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் குச்சி விழுந்துவிடும். வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றாக மெல்ல ஏற்று.

ஆனால் அவளுக்குக் கிளாரினெற்தான் விருப்பமென்றால் அதையே எடுத்துக்கொடு. மரத்தில் செய்தது வேண்டாம். குளிரில் வெடிக்கும், தொடங்குகிறவளுக்குப் பிளாஸ்டிக் போதும். திரும்பவும் சொல்கிறேன், சத்தம் குறைவென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. கடையில் இரண்டையும் கையில் கொடுத்துப் பார். எதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நிற்கிறாளோ அதை எடு. மருமகன் பக்கத்தில் இருந்தால் அவரிடமும் கேள்.

சின்னவளின் இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து, அளவை எழுதி அனுப்பு. எழுத நேரமில்லை என்றால் இரவில் எந்த நேரமானாலும் எடு. நான் முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா