கிரியாட்டினின் சரியாக இருந்தாலும் பயாப்ஸி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே 3, 6, 12-ஆம் மாதங்கள்போலத் தவணை வைத்துப் பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுக்கும் மருத்துவமனைகள் உண்டு. 'கிரியாட்டினின் நன்றாகத்தானே இருக்கிறது, பிள்ளையை ஏன் குத்த வேண்டும்?' என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். ஆனால் குழந்தைகளிடம் அந்த எண்ணை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. பல நேரம் பெரியவர் ஒருவரின் சிறுநீரகம்தான் அந்தச் சின்ன உடம்பில் இருக்கிறது. தேவைக்கு மேல் திறன் உள்ளதால், ஒரு பகுதி கெட்டாலும் எண் அசையாது. அசையும்போது உள்ளே தழும்பு விழுந்திருக்கும். அதை எந்த மருந்தும் ஆற்றாது.

சிறுநீரகத்தின் நுண்குழல் சுவருக்குள் வெள்ளணுக்கள் புகுந்திருப்பதை அதற்கு முன்பே காட்டுவது திசுதான். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் சிறுநீரகத்தைத் தாக்கும் பி.கே. வைரஸின் பாதிப்பும் அதில் தெரியும். நிராகரிப்பு (உடம்பின் எதிர்ப்பாற்றலே மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குவது) என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் என்றால் குறைக்க வேண்டும். இதை ஊகத்தில் செய்ய முடியுமா?

குறை பெரும்பாலும் செய்முறையில். மாற்றுச் சிறுநீரகத் திசுவை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் பான்ஃப் வகைப்பாட்டின்படி, குறைந்தது 10 குளோமெருலஸும் (ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சு) 2 தமனிகளும் இருந்தால்தான் மாதிரி போதுமானது. 16 அல்லது 18 கேஜ் (ஊசிப் பருமனின் அளவு) ஊசியில் இரண்டு துண்டாவது வேண்டும். ஸ்கேன் பார்த்தபடி, ஊசியைப் புறணியை (குளோமெருலஸ்கள் உள்ள வெளிப்பகுதி) ஒட்டிச் சாய்வாகச் செலுத்த வேண்டும். நேராக ஆழக் குத்தினால் உட்பகுதியான மெடுல்லாதான் வரும், பெரிய ரத்தக்குழாயிலும் படலாம். மிகச் சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வயிற்றறைக்குள்ளேயே இருக்கக்கூடும். குடல் குறுக்கே கிடக்கிறதா என்று பார்க்காமல் ஊசியைக் கையில் எடுக்கவே கூடாது.

ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அன்று தள்ளிப்போடுவதே நல்லது. ரத்தக்கசிவுக்கு அது பெரிய காரணம். தட்டணு, உறைதல் பரிசோதனைகள் முன்பே முடிந்திருக்க வேண்டும். எடுத்த பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் தனித்தனிக் குப்பியில் வரிசையாக வைத்தால், சிவப்பு வெளுக்கிறதா, அடர்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். சிறுநீர் நின்று வயிறு வலித்தால், ரத்தக்கட்டி வழியை அடைத்திருக்கிறதா என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். பலத்த சிக்கல் அரிது. ஆனால் அரிது என்பதற்காகச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சரியல்ல.

எல்லா மையங்களும் இப்படித் தவணைப் பயாப்ஸி எடுப்பதில்லை. மாற்றுச் சிறுநீரகத் திசுவைப் படித்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் இல்லாத இடத்தில், அறிக்கை வாரக்கணக்கில் கோப்பில் தூங்கும் இடத்தில், எடுக்காமலிருப்பதே மேல். கையெழுத்திடும் முன் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: முடிவு எத்தனை நாளில் வரும்? அதில் நிராகரிப்பு தெரிந்தால் என்ன மருந்தை மாற்றுவீர்கள்?

இப்படிக்கு,
குழந்தைகள் சிறுநீரக மருத்துவக் குழுவினர்