நீங்கள் விட்டால் தாரைவார்ப்பு, நாங்கள் விட்டால் வருவாய்ப் பெருக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவது பற்றி உங்கள் நாளிதழில் தலைவர்களின் அறிக்கைகள் அடிக்கடி வருகின்றன. கட்சிப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். எழுதியவர் எந்தக் கட்சி என்று தெரியாது. ஆட்சியில் இருக்கிறாரா, வெளியில் இருக்கிறாரா என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாரச்சந்தை, பேருந்து நிலையக் கடைகள், சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பறை, கண்மாய் மீன்பாசி, சாலையோரப் புளியமரம் என்று குத்தகைக் கோப்புகளோடுதான் என் உத்தியோகம் கழிந்தது. கோடிகளில் போகிற விமான நிலையக் குத்தகையும் சரி, புளியமரக் குத்தகையும் சரி, ஏமாற்றுகிற இடம் ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அரசுச் சொத்துகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாரிடம் விட்டுப் பணம் திரட்டும் தேசிய பணமாக்கல் திட்டத்தை அறிவித்தார். 4 ஆண்டுகளில் 6 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவது இலக்கு. 26,700 கிலோமீட்டர் சாலை, 400 ரயில் நிலையங்கள், 25 விமான நிலையங்கள் பட்டியலில் இருந்தன. நம் ஊர்ப் பக்கம் சென்னை, கோவை, திருச்சி, மதுரை விமான நிலையங்களும் நீலகிரி மலை ரயிலும் அதில் உண்டு. மறுநாளே ராகுல் காந்தி, 70 ஆண்டுகளில் நாடு கட்டியதை எல்லாம் விற்கிறார்கள் என்றார். செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தார். நிதியமைச்சர் என்ன பதில் சொன்னார்? உரிமை அரசிடமே இருக்கிறது, இது விற்பனை அல்ல என்றார். அதோடு, மும்பை-புனே விரைவுச்சாலையைக் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கியது யார் என்று திருப்பிக் கேட்டார்.

கேள்வியில் தப்பில்லை. அந்தச் சாலையின் சுங்க வசூல் உரிமையை 2004-ல் காங்கிரஸ்-தேசியவாத காங்கிரஸ் அரசு 918 கோடிக்குக் கொடுத்தது. அதே சாலை 2020-ல், காங்கிரஸ் பங்கு வகித்த கூட்டணி ஆட்சியில், 8,262 கோடிக்குப் போனது. டெல்லி, மும்பை விமான நிலையங்கள் 2006-ல் தனியாருக்குப் போனதும் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில்தான். அந்த அமைச்சரவையில் தி.மு.க.வும் இருந்தது. ஆனால் ‘நீ செய்யவில்லையா?’ என்பது ஒரு பதிலா? விலை சரியா, காலம் சரியா, பணம் எங்கே போகும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. எதிர்த்தவர்களும் அதைக் கேட்கவில்லை, ஆதரித்தவர்களும் சொல்லவில்லை.

கேட்கிற மாதிரி கேட்டது ஹைதராபாத்தில் என்று ஒரு சமயம் நினைத்தேன். 158 கிலோமீட்டர் நீளமுள்ள ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை 2023-ல் சந்திரசேகர ராவ் அரசு 30 ஆண்டுக்கு 7,380 கோடி ரூபாய்க்கு விட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் மகனும் அமைச்சருமான கே.டி.ராமாராவ், தெலங்கானாவில் உள்ள மத்திய பொதுத்துறை நிறுவனங்களை விற்கக் கூடாது என்று நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மத்திய அரசு விற்றால் மக்கள் சொத்து பறிபோகிறது, தான் விட்டால் நிதி நிர்வாகம். சரி. பா.ஜ.க. என்ன செய்தது? நாடு முழுக்க நெடுஞ்சாலைகளை இதே முறையில் குத்தகைக்கு விடுவது டெல்லியில் உள்ள அவர்கள் அரசு. தெலங்கானாவில் அந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் இந்தக் குத்தகையில் முறைகேடு என்று குற்றம்சாட்டினார். காங்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே. மாநிலத் தலைவராக இருந்த ரேவந்த் ரெட்டி, ஒரு லட்சம் கோடி பெறுமான சாலையை இந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

அந்த ஒரு லட்சம் கோடிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், தணிக்கைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. 30 ஆண்டுகளில் வரப்போகிற சுங்கத்தை எல்லாம் அப்படியே கூட்டிச் சொன்னால் எந்தச் சாலையும் பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டு கழித்துக் கைக்கு வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏழரை ரூபாய்தான். எதிர்க்கட்சி இந்தக் கழிவைச் செய்யாமல் கூட்டுகிறது. ஆளுங்கட்சியோ மொத்தமாக வந்த காசோலையை மட்டும் காட்டுகிறது. போக்குவரத்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடும் என்று வைத்தார்கள், எந்த வட்டி விகிதத்தில் கழித்தார்கள் என்ற தாளை யாரும் மேசைமேல் வைப்பதில்லை. மொத்தச் சூதும் அந்த ஒரு தாளில்தான். வளர்ச்சியை ஒரு சதவீதம் குறைத்து எழுதினாலே சாலையின் மதிப்பு கணிசமாக இறங்கிவிடும்.

2023 டிசம்பரில் ரேவந்த் ரெட்டியே முதல்வரானார். விசாரணைக் குழு அமைப்பதாக அறிவிக்க அடுத்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. அதன் பிறகு 2025-ல் அவருடைய அரசே, வருவாய்க்காக ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபவுலியில் 400 ஏக்கரை ஏலம் விட இயந்திரங்களை இறக்கியது. மாணவர்கள் போராடினார்கள், உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் தடுத்து நிறுத்தியது. முந்தைய ஆட்சி ஹைதராபாத்தை ஒட்டிய கோகாபேட்டை நிலத்தை ஏலம் விட்டபோது ஊழல் என்று முழங்கியவர்களில் முதல் ஆள் அவர்தான்.

கேரளத்துக் கதையில் கொஞ்சம் சுவை அதிகம். திருவனந்தபுரம் விமான நிலையத்தைக் குத்தகைக்கு விடுவதை இடதுசாரி அரசு கொள்கையளவில் எதிர்த்தது, நீதிமன்றம் வரை போனது. ஆனால் 2019-ல் அதே ஏலத்தில் அந்த அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கலந்துகொண்டது! பயணி ஒருவருக்கு 135 ரூபாய் என்று கேட்டது, அதானி நிறுவனம் 168 ரூபாய் என்று கேட்டு எடுத்தது. மாநில அரசு எடுத்து நடத்துவது வேறு, தனியார் எடுப்பது வேறு என்று அவர்கள் சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியானால் விழிஞ்ஞம் துறைமுகம்? 2015-ல் உம்மன் சாண்டியின் காங்கிரஸ் கூட்டணி அரசு அதானியோடு ஒப்பந்தம் போட்டபோது இடதுசாரிகள் ஊழல் என்றார்கள். 2017-ல் மத்திய தணிக்கைத் துறையும், வழக்கமான 30 ஆண்டுக்குப் பதில் 40 ஆண்டு கொடுத்ததால் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் போகும் என்று சொன்னது. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் இடதுசாரிகள். ஆனாலும் ஒப்பந்தம் தொடர்ந்தது. 2025 மே மாதம் பிரதமரோடு மேடையேறித் துறைமுகத்தைத் தொடங்கி வைத்தபோது, இது யாருடைய சாதனை என்பதில்தான் இரு அணிக்கும் சண்டை.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2022-ல் தமிழ்நாடு தொழில்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் ஒரு வாசகம் வந்தது: மாநில அரசு நிலம் கொடுத்த விமான நிலையங்களை விமான நிலைய ஆணையம் தனியாரிடம் விட்டால், அதில் வரும் வருவாயில் மாநிலத்துக்கும் பங்கு வேண்டும். என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் எந்த அரசும் வாய்திறந்து சொன்ன மிக நேர்மையான வரி அதுதான். நிலம் நம்முடையது, பங்கைக் கொடு. இதை மேடையில் சொல்லலாமே? மேடையில் தாரைவார்ப்பு, குறிப்பேட்டில் பங்கு. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விடுவதாகத் தீர்மானம் போட்டது. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம், வருவாயில் 40 சதவீதம் மாநகராட்சிக்கு. வியாசர்பாடிப் பிள்ளைகள் மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவார்கள் என்று மன்றத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோழமைக் கட்சிகளே எதிர்த்தன, தீர்மானம் சில நாட்களில் வாபஸ் ஆனது. ஆனால் விமான நிலையம் தனியாருக்குப் போனால் கொதிக்கிறவர்கள், மைதானத்துக்கு அதே வேலையைச் செய்யக் கொஞ்சமும் தயங்கவில்லை என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எதிர்ப்பு எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. நெய்வேலி நிலக்கரி நிறுவனப் பங்கு விற்பனையை 2006-ல் கருணாநிதி எதிர்த்தார், தன் கட்சி மத்திய அமைச்சரவையில் இருக்கும்போதே நிறுத்தியும் காட்டினார். 2013-ல் திரும்ப அந்தப் பேச்சு வந்தபோது ஜெயலலிதா, மாநில அரசு நிறுவனங்களை வைத்து 3.56 சதவீதப் பங்கைச் சுமார் 358 கோடிக்கு வாங்க வைத்தார். காசைக் கீழே வைத்து எதிர்ப்பது என்றால் அது. அறிக்கைக்குச் செலவு என்ன?

அப்புறம், எல்லா அரசுகளுக்கும் இந்த ஆசை ஏன் வருகிறது? வீட்டை ஒத்திக்கு விட்டு மொத்தப் பணம் வாங்குகிறவர் அதைக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாலைக் குத்தகையில் அந்தக் கவலை இல்லை. 30 ஆண்டு வருவாயை இந்த ஆட்சியே வாங்கிச் செலவு செய்யலாம், அடுத்து வரும் ஐந்தாறு ஆட்சிகள் சுங்கச்சாவடியை வேடிக்கை பார்க்கலாம். போதாததற்கு மத்திய அரசு 2021-ல் ஒரு தூண்டிலும் போட்டது. சொத்துகளைப் பணமாக்கும் மாநிலங்களுக்கு, திரட்டிய தொகையில் 33 சதவீதம் முதல் 100 சதவீதம் வரை, 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். எதிர்ப்பு அறிக்கை ஒரு கையில், கடன் விண்ணப்பம் மறு கையில் என்று நிற்க இது வசதி.

நான் பார்த்த ஒரு நகராட்சியைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்தில் ஒரு வரிசைக் கடை. அப்போதைய விதிப்படி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் கூட்டிக் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும், ஒன்பது ஆண்டு முடிந்தால் பொது ஏலம். பதிவேட்டில் குத்தகைதாரர் ஒருவர். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வேறொருவர். நகராட்சிக்குப் போவதைப்போல் பல மடங்கு உள்வாடகை அவர் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டேன், பாய்லரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஒப்பந்தப் பத்திரம் கேட்டால் கோப்பு வழக்கறிஞரிடம் இருக்கிறது என்றார்கள். கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவை என்ற மூன்று கட்டத்தில் நிலுவைக் கட்டம் மட்டும் ஆண்டுதோறும் பெருத்தது. தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் ஆட்சேபணை, எழுதினேன். இந்தக் குத்தகையை எதிர்த்து மன்றத்தில் வெளிநடப்பு செய்தவரே அடுத்த தேர்தலில் தலைவர் ஆனார். தடை அப்படியே இருந்தது, குத்தகைதாரரும் இருந்தார். கடைப் பலகையில் சிரித்துக்கொண்டிருந்த தலைவர் படம் மட்டும் மாறியது.

சின்ன ஊர்க் கதை என்று தள்ள வேண்டாம். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர், வெள்ளைக்காரன் காலத்தில் 99 ஆண்டுக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். 1970-ல் வாடகையை உயர்த்தப் போக, இழுபறி தொடங்கியது. 2023-ல்தான் 730 கோடி ரூபாய் நிலுவையைக் கட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு சீல் வைத்தது, அதற்குப் பிறகும் வழக்குகள். குத்தகை விட்ட நாளிலிருந்து காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க. மூன்றும் கோட்டையில் இருந்திருக்கின்றன. உரிமை அரசிடமே இருக்கிறது என்று நிதியமைச்சர் தைரியம் சொல்கிறாரே, கிண்டியிலும் உரிமை அரசிடம்தான் இருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒரு வேண்டுகோள். தனியார்மயத்தை எதிர்த்தோ ஆதரித்தோ அடுத்து எந்தக் கட்சி அறிக்கை அனுப்பினாலும், உங்கள் நிருபர் மூன்று விஷயம் கேட்கட்டும். உங்கள் ஆட்சியிலும் உங்கள் கட்சி நடத்தும் உள்ளாட்சிகளிலும் குத்தகையில் உள்ள சொத்துகள் எவை, யார் பெயரில், எந்தத் தேதி வரை? மதிப்பிட்ட தாளை வெளியிட்டீர்களா? வந்த பணம் புதிய சொத்துக்குப் போனதா, பழைய வட்டிக்குப் போனதா? பதிலையும் அறிக்கைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

வாசகர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நகராட்சி அலுவலகத்திலும் குத்தகைப் பதிவேடு உண்டு. கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவில் ‘குத்தகை விவரம் தருக’ என்று பொதுவாக எழுதாதீர்கள், கடை எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் தட்டிக்கழிக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.