பள்ளிக்கூடத்துக்கு இன்னும் 26,750 டாலர் வேண்டும்

அன்புள்ள தமிழ்ச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

போன முறை எழுதியபோது நேரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தோம். இப்போது இல்லை. அக்டோபர் 31க்குள், கறுப்பினப் பிள்ளைகள் படித்த பழைய பள்ளிக்கூடம் ஒன்றைச் சீரமைக்கும் நம் குழுவின் கணக்கில் 90,000 டாலர் இருந்தால்தான் அறக்கட்டளை தன் பங்காக இன்னொரு 90,000 தரும். ஒரு டாலர் குறைந்தாலும் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். இன்று காலை வரை சேர்ந்தது 63,250.

நம்மில் பலர் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் வழியில்தான் அந்தக் கட்டடம் இருக்கிறது. சாயம் உரிந்த மரச்சுவர், ஒரு பக்கம் சரிந்த தகரக் கூரை. வட கரோலினாவில் இப்படி எதைப் பார்த்தாலும் பழைய புகையிலைக் கொட்டகை என்றே நினைப்போம். இதை எழுதுகிற இருவரில் ஒருவரான நானும் ஆறு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சர்ச்சில் ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துப் போய், "நான் எழுத்துக் கற்ற இடம் இது" என்று காட்டிய பிறகுதான் தெரிந்தது. குழுவில் பதினொரு பேர். ஒன்பது பேர் அங்கே படித்தவர்கள், அல்லது படித்தவர்களின் பிள்ளைகள். தமிழர் இருவர். பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் நாங்கள் இருவரும் இதைத் தமிழில் எழுதுகிறோம்.

இது ரோசன்வால்ட் பள்ளி. 1912இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும், சியர்ஸ் என்ற பெரிய வணிகக் கம்பெனியை நடத்திய ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கிய திட்டம். 1932 வரை தென் மாநிலங்கள் பதினைந்தில் 5,300க்கும் அதிகமான கட்டடங்கள் எழுந்தன. 800க்கும் மேல் நம் மாநிலத்தில். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ரோசன்வால்ட் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: ஊர்க்காரர்கள் முதலில் தங்கள் பங்கைத் திரட்ட வேண்டும். கறுப்பின மக்கள் கட்டிய வரி வெள்ளையர் பள்ளிக்கே பெரும்பாலும் போய்க்கொண்டிருந்த காலம். வரியும் கட்டி, அதற்கு மேல் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குத் தனியாகவும் கொடுத்தார்கள். மொத்தக் கணக்கைப் பார்த்தால் ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். விளைச்சலில் பங்குக்கு உழுதவர்களும் வெள்ளாவி வைத்தவர்களும் சேர்ந்து தந்தது 47 லட்சம். பெயர் மட்டும் அவர் பெயர். எங்கள் பெரியவர்களுக்கு இதில் இன்றும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு, நியாயமானதுதான்.

1925ஆம் வருடத்துக் கணக்கு நோட்டு ஒன்று சர்ச் அலமாரியில் கிடைத்தது. பென்சிலில் எழுதியது. ஒருவர் ஐம்பது சென்ட். ஒருவர் ஒரு பன்றி. ஒரு விதவை இரண்டு டஜன் முட்டை, அதற்குப் பக்கத்திலேயே "மறுபடியும் இரண்டு டஜன்". பணமே இல்லாத ஒருவர் பெயருக்கு எதிரே "நான்கு நாள், கோடாரி". ஒருவருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் போட்டிருக்கிறது. நூறு வருடம் கழித்தும் அந்தக் கோடு இருக்கிறது. அவருடைய கொள்ளுப்பேத்திதான் இன்று எங்கள் பொருளாளர், முதல் காசோலை அவருடையது.

ஜன்னல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மின்சாரம் இல்லாத காலம் என்பதால் காலையும் மாலையும் வெளிச்சம் விழும்படி கிழக்கு மேற்காக வரிசை வரிசையாக உயரமான ஜன்னல்கள். எழுதுகிற கையின் நிழல் தாளில் விழக்கூடாது என்று பெஞ்சைப் போடும் திசை வரை வரைபடத்தில் குறித்திருந்தார்கள். இப்போது 22 ஜன்னல்களில் 17இல் பலகை அடித்திருக்கிறது.

செலவு இதுதான். கூரை 48,000. கரையான் தின்ற அடிக்கட்டைகளும் அஸ்திவாரமும் 31,500. ஜன்னல் ஒன்றுக்கு 1,900 வீதம் 41,800. மின் இணைப்பு, கழிப்பறை, சக்கர நாற்காலிச் சரிவு, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் சேர்ந்து 58,700. ஆக 1,80,000. முடிந்ததும் மாலையில் வீட்டுப்பாட வகுப்பு, வாக்காளர் பதிவு, பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய ஓர் அறை. அதற்கு ஆசிரியர்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள், இடம்தான் இல்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. மாதம் தவறாமல் இருபது டாலர் மணியார்டர் அனுப்பும் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்). முடிதிருத்தும் கடையில் கண்ணாடி ஜாடி வைத்து 812 டாலர் சேர்த்த சகோதரர்கள். வெள்ளிக்கிழமை தோறும் மீன் வறுத்து விற்று 3,140 கொண்டுவந்த சர்ச் அம்மாக்கள். 1955-56இல் அலபாமாவின் மான்ட்கோமரியில், பேருந்தில் நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் ஓடியபோது ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் இப்படித்தான் பலகாரம் விற்று, பேருந்துக்குப் பதிலாக மக்களை ஏற்றிச்சென்ற வண்டிகளுக்குப் பெட்ரோல் போடப் பணம் திரட்டினார். கொடுத்தவர்களுக்கு வேலை போய்விடக்கூடாது என்று தன் குழுவுக்கு 'ஊர்பேர் இல்லாத சங்கம்' என்று பெயர் வைத்தார். நம் பக்கத்திலும் பொங்கலன்று நானூறு இட்லி அவித்துக் கொடுத்த அக்காவுக்கும், முறுக்கு விற்று 206 டாலர் கொண்டுவந்த தமிழ் வகுப்பு மூன்றாம் நிலை மாணவர்களுக்கும் நன்றி.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "இது அவர்கள் விஷயம், நாம் ஏன்?" என்று சிலர் கேட்டீர்கள். பெரியவர்கள் முதலில் தங்கள் வீட்டைத்தான் கேட்டார்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் எண்பத்தாறு வயதுத் தாத்தா எழுந்து, "அட்லாண்டாவில் இருக்கிற என் பேரன்களின் இரண்டு மாதக் கார் தவணை இங்கே ஒரு ஜன்னல்" என்றார். அந்த வாரமே இரண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டது. இனி நம் வீடு. 1965க்கு முன்னால் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு நூறு பேருக்குத்தான் இங்கே குடியேற இடம். 1965 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் நமக்குக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம். இரண்டாவது கதவு எந்தப் போராட்டத்தின் பலத்தில் திறந்தது என்று தெரிந்துதானே இருக்கிறோம்? இந்த மாதிரிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் ஜான் லூயிஸ், அந்த வாக்குரிமைக்காக ஊர்வலம் போய்ச் செல்மா பாலத்தில் போலீஸ் அடியில் மண்டை உடைபட்டவர். காமராஜர் காலத்தில் ஊரார் பெஞ்சும் மணியும் வாங்கிக் கொடுத்த பள்ளியில் படித்தவர்கள் நம் அப்பா அம்மா. கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்காமலே கொடுத்தோம், நல்லது. இதற்கு மூன்று முறை கேட்டுவிட்டோம். 140 தமிழ்க் குடும்பங்களில் 31 குடும்பங்கள்தான் கொடுத்திருக்கின்றன.

காசோலையைத் தமிழ் வகுப்பு வாசலில் உள்ள நீலப்பெட்டியில் போடலாம். வரிவிலக்கு ரசீது உண்டு. கம்பெனி மேட்சிங் (நாம் கொடுப்பதற்கு ஈடாக நாம் வேலை செய்யும் கம்பெனியும் கொடுப்பது) உள்ளவர்கள் தயவுசெய்து 15ஆம் தேதிக்குள் விண்ணப்பியுங்கள், அவர்கள் பணம் வரத் தாமதமாகும். பணம் முடியாதவர்கள் வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், பழைய பலகைகளைப் பிரிக்கும் வேலை. கையுறை கொண்டுவரவும், ஆணி நிறைய. புதுக் கணக்கு நோட்டில் உழைப்புக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளிச் சீரமைப்புக் குழு