பாய் கொடுத்த குரோம்பேட்டைக்கு

குரோம்பேட்டை, பல்லாவரம் அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம்.

ஆடி இரண்டாம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உங்கள் தெருக்களில் ஹெல்மெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்தியும் மராத்தியும் கன்னடமும் கோயம்புத்தூர்த் தமிழும் பேசிக்கொண்டு திரிந்த பெண்கள் எங்கள் விருந்தாளிகள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடும் ரோலர் டெர்பி ஆட வந்தவர்கள். ஜெயித்தவர்களுக்கு மேடையிலேயே கைதட்டல் கிடைத்துவிட்டது, நடுவர்களுக்குச் சால்வையும் போட்டாயிற்று. ஆனால் 61 பேரை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்து, படுக்க இடம் கொடுத்து, சோறு போட்டு, திரும்ப ரயிலேற்றிவிட்டவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் என் பையிலேயே இருந்துவிட்டது. மைக் பிடித்தவரிடம் கொடுக்க மறந்தது நான். அதனால் இந்த மடலை எழுத வேண்டியதும் நான்தான்.

நானும் ஆடுகிறவள்தான். மே மாதப் பயிற்சியில் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. “ஆட முடியாதவ ரூம் போடுற வேலையைப் பார்க்கட்டும்” என்று அணியில் முடிவு பண்ணிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் போனில் முடிகிற வேலை என்று நினைத்து நானும் சரி என்றேன்.

போட்டிக்கு 19 நாள் இருக்கும்போது, பேசி வைத்திருந்த லாட்ஜ் கைவிரித்தது. முன்பணம் வாங்கி ரசீதும் கொடுத்த பிறகு, “சக்கரம் கட்டிக்கிட்டு வர்ற பொண்ணுங்க, டைல்ஸ் எல்லாம் போயிடும்” என்றார்கள். ரூமுக்குள் யாரும் ஸ்கேட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பணம் திரும்பி வந்துவிட்டது, அதோடு விட்டாயிற்று. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. கல்யாண மண்டபத்தை நினைவுபடுத்தியது என் அத்தை. “ஆடி மாசம்டி. ஊர்ல ஒரு மண்டபத்துலயும் மேளச் சத்தம் கேக்காது, எல்லாம் சும்மாதான் கிடக்கும்.”

மண்டப மேனேஜர் ஐயாவைப் பார்க்க ஊன்றுகோலோடு படியேறினேன். என்ன விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சரிம்மா, பந்து எங்க இருக்கும்?” என்றார். பந்தே கிடையாது ஐயா. ஸ்கேட்ஸில் முட்டை வடிவ டிராக்கைச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டம், ஒவ்வொரு அணியிலும் ஐந்து பேர் இறங்குவார்கள். அதில் ஒருத்தி ஹெல்மெட் மேல் நட்சத்திரம் போட்ட துணி மாட்டியிருப்பாள், அவள்தான் ஜாமர். முதல் தடவை கூட்டத்தைப் பிளந்து வெளியே வந்துவிட்டால், அடுத்த சுற்றிலிருந்து எதிரணி ஆளைத் தாண்டத் தாண்டப் புள்ளி. மற்ற நான்கு பேர் இடுப்பாலும் தோளாலும் முட்டுக் கொடுத்து எதிரணி ஜாமரை மறிப்பார்கள். இப்படி ஒரு தடவை ஆடுவதுதான் ஒரு ஜாம், 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அப்புறம் 30 விநாடி இடைவெளி, மறுபடியும் அடுத்த ஜாம். இப்படி 30 நிமிடத்துக்கு ஒரு பாதி, மொத்தம் இரண்டு பாதி. 1935-இல் சிகாகோவில் தொடங்கியபோது இது வெறும் தூர ஓட்டப் போட்டிதான், முட்டல் மோதல் எல்லாம் பிறகு சேர்ந்தது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர், “அப்போ சடுகுடுன்னு சொல்லுங்க. சக்கரம் கட்டின சடுகுடு” என்று டைரியைத் திறந்தார். நானே பல வருடமாக இதைவிட நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளுக்கு அவர் வாங்கியது கரண்ட் பில், துப்புரவுக் கூலி, ஜெனரேட்டர் டீசல் மட்டும். மண்டப வாடகை என்று ஒரு ரூபாய் இல்லை. ஏ.சி. இருந்தது மணமகள் அறையிலும் மணமகன் அறையிலும் மட்டும்தான். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மணமகள் அறை சண்டிகர் அணிக்கு, மணமகன் அறை புனேக்காரர்களுக்கு. கோயம்புத்தூரும் பெங்களூரும் ஹாலில். மேடையில் நாற்காலிகளை மறைப்பாகக் கட்டி நடுவர்களைப் படுக்க வைத்தோம். ஆடுகிறவர்களுக்கு மட்டும் இடம் பார்த்தால் போதாது என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. இந்த ஆட்டத்தில் ஸ்கேட்ஸ் போட்ட நடுவர்களே 7 பேர் வரை இருப்பார்கள். ஸ்கோர் எழுத, பெனால்டி நேரம் பார்க்க என்று இன்னொரு கூட்டம் வேண்டும். 61-இல் 13 பேர் ஒரு நிமிடம்கூட ஆடாதவர்கள்.

ஹாலில் படுத்தவர்களுக்குப் பாய் கொடுத்தது தெரு. வியாழக்கிழமை சாயந்தரம் பால் பூத்தில் அத்தை ஒரு வார்த்தை சொல்லி வைத்தது, ராத்திரிக்குள் 34 பாயும் 20 தலையணையும் வந்து சேர்ந்தன. மேசை ஃபேன் மட்டும் போதவில்லை. மறுநாள் பல்லாவரம் சந்தை. பழைய ஃபேன் நான்கு வாங்கினோம். மூன்று ஓடின. நான்காவதை விற்ற அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தானே தேடி வந்து கண்டென்சர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தையில் வாங்கிய பொருளுக்கு வீடு தேடி வந்த வாரண்டியை நான் அன்றுதான் பார்த்தேன்.

இனி ரயில் கதை. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. எங்களுக்கோ தேதி முடிவானதே 50 நாள் இருக்கும்போது. சண்டிகர் அணி டெல்லி வந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். 14 பேரில் 9 பேருக்கு டிக்கெட் உறுதி, 5 பேர் வெயிட்டிங் லிஸ்ட். கிளம்புவதற்கு முதல் நாள் வரை லிஸ்ட் நகரவில்லை. என் அலுவலகத் தோழி ஒருத்தி காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கும் நேரம் பார்த்து, மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய மேலதிகாரி இதைப் படிக்காமல் இருக்க வேண்டும். மிச்சம் மூன்று பேர் ஆர்.ஏ.சி.யில் ஏறினார்கள். ஒரே பெர்த்தில் இருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வர வேண்டியது. ஏறத்தாழ 33 மணி நேரப் பயணம் அது. நாக்பூரில் காலியான பெர்த்தை ஒரு டி.டி.ஆர். தேடி வந்து கொடுத்தாராம். அவர் பெயர் தெரியாது. அந்த மூன்று பேரில் ஒருத்திதான் மறுநாள் எங்கள் அணியைப் போட்டு உருட்டிய ஜாமர். அந்த டி.டி.ஆருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று எங்கள் பெண்கள் இன்னும் யோசிக்கிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

சென்ட்ரலில் இறங்கியவர்களைச் சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்த் தாம்பரம் வண்டியில் ஏற்றினோம். ஸ்கேட்ஸ், பேட், ஹெல்மெட் என்று ஒவ்வொரு பையும் 10 கிலோ கனத்தது. அதோடு லேடீஸ் பெட்டியில் ஏறினால் மற்றவர்கள் எங்கே நிற்பது? பைகளை மட்டும் குட்டி யானையில் ஏற்றினோம். அந்த டிரைவர் அண்ணன் கயிறு கட்டிய அழகைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பையின் வாரையும் அடுத்த பையின் வாருக்குள் கோத்து, கடைசியில் ஒரே முடிச்சு. குரோம்பேட்டையில் வந்து அந்த ஒரு முடிச்சை அவிழ்த்ததும் மொத்தமும் பூமாலை பிரிந்த மாதிரி பிரிந்தது. ஒரு பை கூட மாறவில்லை.

மண்டபத்திலிருந்து, ஆட்டம் நடந்த பல்லாவரத்து ஷெட்டுக்குப் பஸ். கட்டணமில்லாச் சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறச் சொல்லியிருந்தேன். பெங்களூர்ப் பெண்கள் ஏறியதும் ஏறாததுமாகப் பர்ஸிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டினார்கள். அவர்கள் ஊரில் சக்தி திட்டத்தில் கர்நாடக முகவரி அட்டையைக் காட்டினால்தான் இலவசம். கண்டக்டர் அக்கா சிரித்துவிட்டு, “உள்ள வைம்மா, பொம்பளைங்கன்னா போதும்” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை ஒருத்தி ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

மண்டப வாட்ச்மேன் தாத்தாவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். டெர்பி ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். நான் அவசரத்தில் அந்தப் பெயர்களைத்தான் அறைப் பட்டியலில் அடித்துக் கொடுத்தேன். கேட்டில் ஆதாரை வாங்கிப் பார்த்தவர், “இதுல மிளகாப்பொடின்னு யாரும் இல்லையே, இடின்னும் இல்லையே” என்று பத்து நிமிடம் யாரையும் உள்ளே விடவில்லை. அவர் செய்தது சரிதான். ராத்திரியானால் “இடி வந்தாச்சு, மிளகாப்பொடி இன்னும் வரல” என்று அவரே கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நடுவர் அம்மாவைத் தரையில் படுக்க வைக்க மனசு வரவில்லை. ராதா நகரில் அத்தை வீட்டில் தங்க வைத்தோம். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினாலும், லாட்ஜுக்குப் போலவே, வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரப் படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. குடியிருப்புச் செயலாளர் ஐயாதான் சொன்னார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட், விசா, போட்டோ எல்லாவற்றையும் தானே ஸ்கேன் செய்து, அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ராத்திரி 11 மணிக்கு ஏற்றி முடித்தார். அவர் இல்லாவிட்டால் அத்தைதான் பதில் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

பேட் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் எதிர்வீட்டு அம்மா கோபித்துக்கொள்வார். வியர்வையில் ஊறிய முழங்கால் பேட் எப்படி மணக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து 40 ஜோடியை மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டோம். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மாடி ஏறி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையில் தூபக்கால், கனன்ற தேங்காய்ச் சிரட்டை, மேலே சாம்பிராணி. கொடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, பிள்ளை பெற்றவள் தலைமுடிக்குப் புகை போடுவது மாதிரி, ஒவ்வொரு பேடின் உள்பக்கமாகப் பிடித்துப் புகை காட்டினார். புனேப் பெண்கள் இது ஏதோ பூஜை என்று நினைத்துக் கைகூப்பி நின்றார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் முழங்கைப் பேட் எம்மாத்திரம்? அன்று சாயந்தரம் அடித்த காற்றில் ஏழு பறந்து போனது. ஏழும் காலையில் மண்டப கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கின. எடுத்து வைத்தது யார் என்று தெரியவில்லை.

முனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறு காலை 5 மணிக்குப் பாட்டுப் போட்டீர்கள். 9 மணிக்கு அரையிறுதி. விருந்தாளிகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. ஆனால் மதியம் தவலையோடு கூழ் அனுப்பினீர்களே, கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கூடவே கருவாட்டுக் குழம்பு தனியாக ஒரு தூக்கில். உப்பெல்லாம் வியர்வையில் போன உடம்புக்கு அதைவிட என்ன வேண்டும்? கருவாட்டைக் கோயம்புத்தூர்க்காரர்கள் மட்டும்தான் தொட்டார்கள். மற்றவர்கள் பங்கையும் சேர்த்தே தொட்டார்கள். கணக்குத் தீர்ந்தது.

மண்டப வாசலில் கோலம் போடும் அக்காவையும் சொல்ல வேண்டும். டிராக் போட நாங்கள் கயிறும் டேப்புமாகத் திண்டாடியபோது பல்லாவரம் வரை கூடவே வந்தார். கயிற்றைத் தரையில் வளைத்து அதன் மேல் டேப் ஒட்ட வேண்டும். அப்போதுதான் ஆடுகிறவளுக்குக் கோடு சக்கரத்தில் தட்டுப்படும். தள்ளி நின்று பார்த்துவிட்டு, “இது நேர் முட்டை இல்லையே, ஒரு பக்கம் அகலமா இருக்கே” என்றார். இருக்கும்தான். வெளிக்கோட்டின் வட்ட மையத்தை ஒரு அடி தள்ளி வைப்பார்கள். அதனால் டிராக் சில இடத்தில் 13 அடி அகலம், சில இடத்தில் 15. ஆடிக்கொண்டிருக்கும் பலருக்கே இது கண்ணில் படாது. அளந்த கயிறு ஒன்றில் நாங்கள் விட்டிருந்த தப்பையும் அவர்தான் பிடித்தார்.

ஒரு தோள்பட்டை விலகலும் இரண்டு விரல் சுளுக்கும் ஆயின. ஆம்புலன்ஸில் வந்த தங்கைக்கும், அரசு மருத்துவமனையில் ராத்திரிப் பணியில் இருந்த மருத்துவருக்கும் நன்றி. சமையல் அண்ணனுக்கு: சண்டிகர்ப் பெண்கள் சப்பாத்தி கேட்டதற்காக நீங்கள் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வெண்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு முதல் ஆட்டத்தில் தூங்கி வழிந்ததால்தான் கேட்டார்கள்.

மேனேஜர் ஐயா அடுத்த ஆடியில் இரண்டாம் வாரத்தை டைரியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். அழித்துவிடாதீர்கள் ஐயா, அந்தத் தடவை வாடகையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, 34 பாயில் 33 வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. பச்சைக் கரை போட்ட கோரைப்பாய் ஒன்று மட்டும் அத்தை வீட்டு வராந்தாவில் நிற்கிறது. ஒரு ஓரத்தில் நீல நூலால் தைத்திருக்கும். உங்களுடையது என்றால் எந்த நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அத்தை காபி போடாமல் அனுப்ப மாட்டார்.